மொபைல் நம்பர் மாறாமல் வேறு நிறுவனத்துக்குப் போக, பழைய கனெக்‌ஷனை முதலில் ரத்து செய்யணுமா?

கூடவே கூடாது. உயிரோடு இருக்கும் நம்பரைத்தான் போர்ட் செய்ய, அதாவது அதே நம்பரோடு நிறுவனம் மாற முடியும். முந்திக்கொண்டு ரத்து செய்தால் நம்பரே கைவிட்டுப் போகலாம். புது நிறுவனத்தில் போர்ட் கேளுங்கள். அது முடிந்ததும் பழைய சிம் தானாகவே செத்துவிடும். இடையில் சில மணி நேரம் ஓடிபி வராமல் போகலாம், அன்றைக்குப் பெரிய பேங்க் வேலை வேண்டாம். போன் தவணையில் வாங்கியதா, வேறு நிறுவன சிம்மை ஏற்காதபடி லாக் செய்யப்பட்டதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பில் பணம் தானாகவே போகும் ஆட்டோ பேயை மட்டும் உடனே நிறுத்தாதீர்கள். போஸ்ட்பெய்டில் பெரும்பாலும் மாத வாடகையை முன்கூட்டியே போடுவார்கள். ரோமிங், கூடுதல் அழைப்புக் கட்டணமெல்லாம் பிறகுதான் பில்லில் ஏறும். அதனால் போன பிறகும் ஒரு கடைசி பில் வரும். நான் ஒருமுறை மாறியபோது, ஆட்டோ பேயில் இருந்த கார்டு காலாவதியாகியிருந்தது. பணம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பில் பழைய இமெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தாமதக் கட்டணம் ஏறிய பிறகுதான் தெரிந்தது. கடைசி பில் கட்டி, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கிய பிறகு ஆட்டோ பேயை எடுங்கள். பழைய பில்களையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அவர்களின் ஆப்பில் பிறகு லாகின் ஆகாமல் போகலாம்.