பிரிண்ட் கடையில் தமிழ் எழுத்து மாறுவது ஏன்?

அலுவலகத்தில் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் (ஃபான்ட்) அடித்த கடிதம் பிரிண்ட் கடைக்குப் போனதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். பிரிண்டரைத் திட்டாதீர்கள், பாவம், அது மேல் தப்பில்லை.

பாமினி யூனிகோடு எழுத்துரு அல்ல. யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொதுத் தரம்; பாமினி அதைப் பின்பற்றுவதில்லை. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துரு. கடைக்காரர் கணினியில் பாமினி இல்லையென்றால் போர்வை விலகிவிடும்.

இன்றைய அவசரத்துக்கு, வேர்டில் 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துப் போங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே சேர்ந்துவிடும். கிளம்பும் முன் அதை உங்கள் போனில் திறந்து பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் கடையிலும் சரியாக வரும்.

அப்புறம், மெதுவாக யூனிகோடுக்கு மாறிவிடுங்கள். தமிழக அரசே 2010-இல் அதைத் தரமாக ஏற்றுவிட்டது. பழைய கடிதங்களை இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போடலாம். ஆனால் நடுவே இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிவிடும். ஒருமுறை நான் கவனிக்காமல் மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்து மாற்றிவிட்டேன். எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல் கடிதத் தலைப்பில் போய்விட்டது.