சர்வாயுதவர்க்கம்: வகுப்பில் எழுந்த கேள்விகளுக்குப் பதில்

எபேசியர் 6ஆம் அதிகாரத்தை எங்கள் வேதபாட வகுப்பில் மூன்று கிழமை படித்தோம். தீமையை எதிர்த்து நிற்கத் தேவன் தருகிற முழுக் கவசத்தைத்தான் பவுல் அங்கே சர்வாயுதவர்க்கம் என்கிறார். நேரம் போதாமல் கேள்விகள் மிஞ்சிவிட்டன. எழுதித் தந்தவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

*ஐயா, சண்டைக்குள்ள வளர்ந்த ஆக்கள் நாங்கள். ஆயுதம், பட்டயம் எண்டாலே மனம் நடுங்குது. பவுலுக்கு வேற உவமை கிடைக்கேல்லையா? (மானிப்பாய், ஒரு தாய்)*

தங்கச்சி, இதே கேள்வி எனக்கும் பல வருஷம் இருந்தது. 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாக நடந்தவன் நான். அதற்குப் பிறகு இந்த அதிகாரத்தைச் சபையில் வாசிக்கவே தயங்கினேன்.

ஏசாயா 59ஐ வாசித்த நாளில்தான் தயக்கம் போனது. இந்தக் கவசத்தை முதலில் அணிந்தது மனுஷன் அல்ல, கர்த்தர். எப்போது அணிகிறார்? "சத்தியம் வீதியிலே இடறி" விழுந்து, நியாயம் இல்லாமற்போன ஊரைப் பார்த்த பிறகு. நீதியை மார்க்கவசமாகவும் இரட்சிப்பைத் தலைச்சீராவாகவும் (தலைக்கவசமாகவும்) தரித்துக்கொள்கிறார். பவுல் ரோமப் போர்வீரனைக் கண்ணால் பார்த்திருப்பார், அது உண்மை. ஆனால் சொற்களை ஏசாயாவிடமிருந்தே எடுக்கிறார். நாங்கள் தரிப்பது அநியாயத்தைக் கண்டு பொறுக்கமாட்டாத தேவனுடைய உடுப்பு.

இன்னொன்றையும் பாருங்கள். கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம், தலைச்சீரா எல்லாம் காப்பதற்கானவை. பட்டயம் ஒன்றுதான் மிச்சம், அதுவும் தேவவசனம். அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வருகிற கட்டளை "நில்லுங்கள்" என்பதுதான். முன்னேறிப் பிடியுங்கள் என்று எங்கேயும் இல்லை. பங்கருக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு 91ஆம் சங்கீதம் சொன்ன தாய்மாரை எனக்குத் தெரியும். "அவருடைய சத்தியம் உனக்குப் பரிசையும் கேடகமுமாகும்" என்று அவர்கள் சொன்னதும் இதே கவசத்தைப் பற்றித்தான்.

*முதுகுக்குக் கவசம் இல்லை, அதனால புறமுதுகு காட்டக்கூடாது எண்டு ஒரு பிரசங்கத்தில கேட்டன். சரியோ? (சுண்டிக்குளி, ஒரு தம்பி)*

நானும் அப்படிப் பிரசங்கித்திருக்கிறேன். அது பிழை, தம்பி. ரோமப் போர்வீரனின் உடற்கவசம் நெஞ்சையும் முதுகையும் சேர்த்தே மூடியது. தமிழில் "மார்க்கவசம்" என்று இருப்பதால் மார்பு மட்டும் என்று நினைத்துவிட்டோம். நல்ல நோக்கத்துக்காகவும் வேதத்தில் இல்லாததைச் சொல்லக்கூடாது. கேடகத்தைப் பற்றி வேண்டுமானால் தாராளமாகப் பிரசங்கியுங்கள். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் "கதவு" என்ற சொல்லிலிருந்து பிறந்தது. சிரியாவில் தூரா யூரோப்பஸ் என்ற பழைய நகரில் கிடைத்த ரோமக் கேடகம் ஒரு மீற்றருக்கும் மேல் உயரம். அந்தக் கதவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் மதில். விசுவாசத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் சீக்கிரம் களைத்துப்போவான்.

*ஒவ்வொரு நாளும் விடிய ஒவ்வொண்டாச் சொல்லி அணியவேணுமோ?*

சொல்லி ஜெபிப்பது நல்லதுதான், மந்திரமாக்கவேண்டாம். தமிழ் வேதாகமத்திலேயே "கட்டினவர்களாயும்", "தரித்தவர்களாயும்" என்றுதான் இருக்கிறது. ஏற்கெனவே கட்டியிருக்கவேண்டும். பொய் சொல்லிவிட்டு விடியற்காலையில் சத்தியக் கச்சையைக் கட்டமுடியாது.

*மற்றப் போதகர்மாரைப் போல எனக்குப் பேச வருகுதில்லை. ஊழியத்துக்கு நான் சரிவருவனோ? (வாலிபர் சங்கம்)*

1 சாமுவேல் 17ஐ எடுங்கள். கோலியாத்தின் கவசம் 5,000 சேக்கல், ஏறக்குறைய 57 கிலோ. ஒரு சீமெந்துப் பை 50 கிலோ, அதைவிடப் பாரத்தை உடம்பில் மாட்டிக்கொண்டு நின்றவன் அவன். அவனோடு சண்டைக்குப் போகவிருந்த தாவீதுக்குச் சவுல் ராஜா தன் கவசத்தைப் போட்டுவிட்டார். தாவீது நடந்துபார்த்தான், "இந்த அப்பியாசம் எனக்கு இல்லை" என்று கழற்றிவைத்தான். கழற்றினது அவிசுவாசமல்ல. ஆடு மேய்த்த இடத்தில் பழகின கவணோடு போனான். உங்களுக்குப் பழகினது எது என்று பாருங்கள்.

*அண்ணாவோட காணி எல்லைப் பிரச்சினை, வழக்கும் நடக்குது. அவருக்கு எதிரா சர்வாயுதவர்க்கத்தைத் தரிச்சு ஜெபிக்கலாமோ?*

அக்கா, கூடாது. "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்று 12ஆம் வசனம் சொல்கிறது. உங்கள் அண்ணா மாம்சமும் இரத்தமும், அதுவும் உங்களுடைய சொந்த இரத்தம். வழக்கை விடச் சொல்லவில்லை. காணி உறுதியில் இருப்பதை உள்ளபடி சொல்லுங்கள், எல்லைக் கதியாலை இரவில் நகர்த்தியது யாராக இருந்தாலும் அதையும் சொல்லுங்கள். அது சத்தியக் கச்சை. சமாதானப் பாதரட்சையும் இருக்கிறது, அது நடப்பதற்கு. தவணைக்கு முன் ஒருநாள் அண்ணாவின் படலையடிக்குப் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

*இரண்டு வருஷமா படுக்கையில கிடக்கிறன். நான் என்ன போர்வீரர், தம்பி? (கோப்பாய், ஒரு அம்மா)*

அம்மா, பவுல் இதை எழுதும்போது அவரும் எழும்பிப் போகமுடியாத நிலையில்தான் இருந்தார். "சங்கிலியால் கட்டப்பட்டிருக்கிற ஸ்தானாபதி" என்று தன்னையே சொல்கிறார். ஆயுதங்களைச் சொல்லி முடித்த கையோடு எல்லாப் பரிசுத்தவான்களுக்காகவும் ஜெபியுங்கள் என்கிறார், தனக்காகவும் கேட்கிறார். சங்கிலி கழரவேண்டும் என்றல்ல, தைரியமாய்ப் பேச வார்த்தை கிடைக்கவேண்டும் என்று. அடுத்த கிழமை எங்கள் வாலிபர் மூன்று பேர் தீவுப்பகுதிக்கு ஊழியத்துக்குப் போகிறார்கள். அவர்களின் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதி, பேத்தியிடம் கொடுத்துவிடுகிறேன்.