ஆபரேஷனுக்கு முன் சத்து மாத்திரை, லேகியம் பற்றியெல்லாம் நர்ஸிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: அம்மாவுக்கு அடுத்த மாதம் முழங்கால் மாற்று ஆபரேஷன். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். "வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா" என்று நர்ஸ் கேட்டதற்கு "இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் கால்சியம், மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், அஸ்வகந்தா லேகியம் மூன்றும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது போய்ச் சொன்னால் திட்டுவார்களோ என்று பயம்.

திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நாளைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

நான் நர்ஸ். கேரள எல்லையில், களியக்காவிளை பக்கம். எங்கள் தாலுகா 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, வைத்தியம் மட்டும் இன்னும் சேரவில்லை. இதய டாக்டர் நாகர்கோவிலில் இருப்பார், கஷாயம் எல்லை தாண்டி கேரளத்துப் பாறசாலைப் பக்கத்து வைத்தியசாலையிலிருந்து வரும், சத்து மாத்திரையை வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்புவான். ஒருவர் எழுதியது தமிழில், இன்னொருவர் எழுதியது மலையாளத்தில், மூன்றாவதற்குச் சீட்டே கிடையாது. இந்த மூன்றையும் ஒரே ஆள் ஒரே நாளில் விழுங்குவார். "மருந்து" என்று கேட்டால் முதல் சீட்டு மட்டும்தான் கைக்கு வரும். அதனால் நான் அப்படிக் கேட்பதே இல்லை. "காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி வரைக்கும் வாய்க்குள்ள என்னவெல்லாம் போகுது, சாயாவும் சேர்த்துச் சொல்லுங்க" என்றுதான் கேட்பேன். அப்போதுதான் பை திறக்கும்.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு அம்மச்சி காரணம். இதயம் பலவீனம், நீர் போவதற்கு ஃப்ரூசமைடு, கூடவே இதயத் துடிப்புக்கு டிகாக்சின். சோறு இறங்கவில்லை, குமட்டல், கை கால் துவண்டு கிடக்கிறது என்று சேர்த்தார்கள். டிகாக்சின் கொடுப்பதற்கு முன்னால் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும், 60-க்குக் கீழே போனால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். படிக்கும்போதே மண்டையில் ஏற்றியது. எண்ணினால் 52, அதுவும் தாளம் தப்பித் தப்பி. ரத்தத்தில் பொட்டாசியம் 2.6. குறைந்தது 3.5 இருக்க வேண்டியது. நீர் மாத்திரையால் கொஞ்சம் குறையும், சரி. ஆனால் மாத்திரை அளவு மாறாமல் இருக்கும்போது திடீரென்று இவ்வளவு எப்படிக் குறையும் என்று டாக்டருக்கே குழப்பம்.

நான் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது ஒரு இனிப்பு வாசனை. உதட்டோரம் மஞ்சளாக நார் ஒட்டியிருந்தது. அம்மச்சியின் கன்னத்துக்குள் அதிமதுரக் குச்சி! இருமலுக்காக அங்காடிக்கடையில் வாங்கியதாம், மாதக்கணக்கில் நாள் முழுக்க சப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். "இது மருந்தாக்கும்னு சொல்லலியே" என்றேன். "அது மருந்தில்ல மக்களே, சும்மா வாயில கெடக்குது" என்றார்.

அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். ரத்த அழுத்தமும் ஏறும். நீர் மாத்திரையும் அதே பொட்டாசியத்தைத்தான் வெளியேற்றுகிறது. பொட்டாசியம் இறங்க இறங்க, வழக்கமான அளவு டிகாக்சினே இதயத்துக்கு விஷமாகிவிடும். குச்சியை நிறுத்தி, டிகாக்சினை நிறுத்தி, பொட்டாசியத்தை சலைனில் கலந்து பம்பில் மெதுவாக ஏற்றினோம். அதை ஊசியில் நேரடியாகப் போட்டால் இதயம் நின்றுவிடும், அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மச்சி தேறி வீட்டுக்குப் போனார். அதிமதுரம் கண்டுபிடித்த பெருமை எனக்கு இன்னும் இருக்கிறது, மறைப்பானேன்.

உடனே இங்கே சிலர் வருவார்கள், "அலோபதிக்காரி, நம்ம பாரம்பரியத்தைக் கேவலப்படுத்துறா" என்று. என் பிரசவத்துக்கு அம்மா கிண்டிக் கொடுத்த லேகியம்தான் சாப்பிட்டேன். தொண்டை கட்டினால் எங்கள் வீட்டிலும் இரண்டு நாளுக்கு அதிமதுரம் உண்டு. இதய நோயாளி மாதக்கணக்கில் சப்பியதைச் சொல்கிறேன். இங்கிலீஷ் சத்து மாத்திரையும் ஒன்றும் யோக்கியம் இல்லை. வாரத்துக்கு ஒன்று என்று எழுதிய 60,000 யூனிட் வைட்டமின் டி-யை தினமும் விழுங்கி, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் உளறலுமாக வந்தவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். எழுதப் படிக்கத் தெரியாதவர் இல்லை. இன்னொன்று, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று நான் சொல்ல மாட்டேன், அது டாக்டர் வேலை. டாக்டருக்குத் தெரிய வைப்பது என் வேலை.

இடையில் ஒரு வயிற்றெரிச்சல். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிவதற்குள் பத்துப் பேர் மாத்திரை அட்டையை நீட்டுவார்கள். "மோளே, இதச் சாப்பிடலாமா?" நானும் படித்துப் பார்த்துச் சொல்வேன். அதே சொந்தக்காரர்கள்தான் என் தங்கைக்கு வரன் வந்தபோது "நைட் டூட்டி போற பொண்ணு" என்று பேசியவர்கள். அவளும் நர்ஸ்தான். 2018-இல் கேரள அரசு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அறிவித்தபோது செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் வாங்கிக்கொண்டிருந்ததை எழுதினால் கேள்வி கேட்டவரே அழுதுவிடுவார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அம்மாவின் மூன்றில் முதல் கவலை லேகியம். அஸ்வகந்தா தூக்கத்தைக் கூட்டும், மயக்க மருந்தோடு சேர்ந்தால் அது முக்கியம். தைராய்டு ஹார்மோன் அளவையும் கூட்டலாம். மூலிகைப் பொருட்களை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது மயக்க மருந்து டாக்டர்களின் வழக்கம், அதனால்தான் நாளைக்கே போன் என்றேன். மீன் எண்ணெயால் ரத்தப்போக்கு அதிகமாகும் என்ற பயம் கொஞ்சம் மிகை. ஆனாலும் முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் ரத்தம் கட்டாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள், அதைக் கொடுப்பவருக்குத் தெரிந்திருக்கட்டும். பூண்டு கேப்ஸ்யூல், ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை, வைட்டமின் ஈ ஏதாவது அலமாரியில் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கால்சியம்தான் வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்து. தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் காலையில் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். தைராய்டு மாத்திரை ரத்தத்தில் சரியாகச் சேராது. அப்புறம் "டோஸ் கூட்டியும் டி.எஸ்.ஹெச் இறங்கல" என்று தைராய்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டிப் புலம்பல். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது வேண்டும், இரும்பு மாத்திரைக்கும் அதேதான். தைராய்டு காலை வெறும் வயிற்றில், கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்று பிரித்துவிடுங்கள்.

பெயர் சொல்லிப் பட்டியல் போடாதீர்கள், டப்பா, பாட்டில், அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோங்கள். லேபிளில் எத்தனை மில்லிகிராம் என்பதை அங்கே பார்த்துக்கொள்வார்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை யாராவது வாங்கிக் கொடுத்திருந்தால், ரத்தம் எடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். அது தைராய்டு ரிசல்ட்டையே தப்பாகக் காட்டிவிடும்.