உள்ளே எத்தனை, வெளியே எத்தனை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி, கோபிசெட்டிபாளையம்): ஒரு கோபால்ட், ஐந்து அம்மோனியா, மூன்று குளோரின் கொண்ட செவ்வூதாச் சேர்மத்தில், ஒரு குளோரின் மட்டும் வாய்ப்பாட்டின் சதுர அடைப்புக்குள் போவது எதை வைத்து? பெயரில் குளோரோவா, குளோரிடோவா?

பதில்: சில்வர் நைட்ரேட்டை வைத்துத்தான். கோபால்ட்டோடு நேரடியாகப் பிணைந்த குளோரைடு, குளிர்ந்த கரைசலில் வெள்ளியிடம் சிக்காது. எதிரயனியாக, அதாவது கோபால்ட்டோடு பிணையாமல் தனி அயனியாக, வெளியே இருப்பவை உடனே வெள்ளை வீழ்படிவாகும்.

0.25 கிராம் எடுங்கள்; ஏறக்குறைய 1 மில்லிமோல். 100 மில்லி குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி விட்டு, சில்வர் நைட்ரேட்டை மிகுதியாகச் சேருங்கள். தாமதிக்காமல் வடிகட்டி, கழுவி, வெளிச்சம் படாமல் உலர்த்தி எடை பாருங்கள். 0.287 கிராம் வந்தால் இரண்டு குளோரைடு வெளியே. மூன்றும் வெளியே இருந்தால் 0.43 வந்திருக்கும்.

சூடாக்கிவிடாதீர்கள். உள்ளிருக்கும் குளோரைடை நீர் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; எடை கூடும். அதைவிட நம் பக்கத்தில் அதிகம் கெடுப்பது போர் தண்ணீர். லிட்டருக்கு 355 மில்லிகிராம் குளோரைடு உள்ள தண்ணீரை 100 மில்லி எடுத்தாலே 1 மில்லிமோல் குளோரைடு வந்துவிடும். இல்லாத மூன்றாவது குளோரைடு இருப்பதாகக் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தும்! முதலில் வெறும் தண்ணீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். கலங்கினால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

1893-இல் வேதியியலர் ஆல்ஃபிரட் வெர்னர் முன்வைத்த கொள்கையின்படி, ஐந்து அம்மோனியாவும் ஒரு குளோரைடும் சேர்ந்து அணைவு எண் (உலோகத்தோடு நேரடியாக ஏற்படும் பிணைப்புகள்) 6, வடிவம் எண்முகி. வேதிப் பெயர்களுக்கு விதி வகுக்கும் உலக அமைப்பான ஐயூபிஏசியின் 2005 பரிந்துரைப்படி குளோரிடோதான். குளோரோ பழைய வழக்கு. ஈனிகளை (உலோகத்தோடு நேரடியாகப் பிணைபவற்றை) ஆங்கில அகரவரிசையில் எழுத வேண்டும், பென்டா போன்ற முன்னொட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆகவே பென்டாஅம்மீன்குளோரிடோகோபால்ட், இடைவெளி விடாமல் அடைப்புக்குள் ரோமன் மூன்று (கோபால்ட்டின் ஆக்சிஜனேற்ற எண்), பிறகு இடம் விட்டுக் குளோரைடு. வெளியே இரண்டு குளோரைடு இருந்தாலும் ‘டைகுளோரைடு’ என்று எழுதாதீர்கள். பலருக்கு மதிப்பெண் போவது இங்கேதான்.

கேள்வி (சாயப்பட்டறை ஊழியர், திருப்பூர்): உப்புத் தண்ணிக்கு இ.டி.டி.ஏ. சேர்க்கிறோம். சில சாயங்களில் மட்டும் நிறம் மாறுகிறதே?

பதில்: இ.டி.டி.ஏ. ஆறு இடங்களில் உலோகத்தைப் பற்றும் ஈனி. தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியம், மக்னீசியத்தோடு நிற்காமல், சில சாயங்களின் மூலக்கூறிலேயே பிணைந்திருக்கும் தாமிரத்தையும் உருவிவிடும். நிறம் மாறும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அந்தச் சாயங்களுக்கு மென்னீராக்கிய தண்ணீரை எடுத்து, இ.டி.டி.ஏ. இல்லாமல் ஒரு சாம்பிள் போட்டு ஒப்பிடுங்கள்.