கோட்டும் தொப்பியுமாகக் கடற்கரையில்

கேள்வி: மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தபோது பழைய சாமான் சந்தையில் ஒரு போட்டோ அஞ்சலட்டை வாங்கினேன். கடற்கரை மணலில் ஒரு குடும்பம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. ஆண்கள் கோட்டு, டை, வைக்கோல் தொப்பி; பெண்கள் மணலில் புரளும் பாவாடை. ஒரு சிறுவன் மட்டும் வெறுங்காலுடன். பின்பக்கம் அரை பென்னி தபால்தலையில் தாடிக்கார ராஜா. தேதி அழிந்துவிட்டது. எந்தக் காலத்துப் படம்? கடலுக்கு இப்படியா போவார்கள்?
— வாசகி, திருச்சி

பதில்: அப்பா எட்வர்டுக்கும் தாடி, மகன் ஜார்ஜுக்கும் தாடி! முன்வழுக்கை என்றால் ஏழாம் எட்வர்டு. அந்தத் தலை வந்தது 1902-இல். வகிடெடுத்த முடி என்றால் ஐந்தாம் ஜார்ஜ், 1911-இலிருந்து. யாராக இருந்தாலும் 1918 ஜூனில் உள்நாட்டு அஞ்சலட்டைக் கட்டணம் ஒரு பென்னியாகிவிட்டது; அரை பென்னி ஒட்டிய உங்கள் அட்டை அதற்கு முந்தியது. முதல் உலகப் போர்க்காலத்தில், 1915 வாக்கில், பாவாடை கணுக்காலுக்கு மேல் ஏறியது. உங்கள் படத்தில் மணலில் புரள்கிறது என்பதால் போருக்கு முந்தியது என்றே சொல்வேன்.

உடுப்பு விஷயத்துக்கு வருவோம். வடமேற்கு இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ஒவ்வொரு ஊரிலும் பஞ்சாலைகளை ஒரு வாரம் மொத்தமாக மூடுவார்கள். ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். பெரும்பாலோருக்கு அந்த வாரச் சம்பளம் கிடையாது. வருஷம் பூராவும் சேர்த்த காசில்தான் செலவு. அப்படிப் போகிறவர்கள் இருக்கிற ஒரே நல்ல துணியைப் பெட்டியில் பூட்டிவிட்டா போவார்கள்? தவிர, கறுத்த தோல் வெயிலில் உழைப்பவரின் அடையாளம் என்று நினைத்த காலம் அது. வெயிலில் கிடந்து மேனியைப் பழுப்பாக்கிக்கொள்ளும் மோகம் 1920-களில்தான் பரவியது.

குளிக்காமலும் இல்லை. சக்கரம் வைத்த மர அறைக்குள் உடை மாற்றுவார்கள். குதிரை அதைத் தண்ணீர்வரை இழுத்துப் போகும், படியிறங்கினால் கடல். குளியல் உடுப்பு கம்பளித் துணியில் தைத்தது, நனைந்தால் கனம் தாங்காது. அந்தக் கோலத்தில் யார் போட்டோவுக்கு நிற்பார்கள்?

வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கடற்கரையில் சுற்றித் திரிந்த தொழில் போட்டோக்காரர் எடுத்தது போலிருக்கிறது. 1900-இல் கொடாக் பிரவுனி கேமரா வந்தது, இங்கிலாந்தில் விலை 5 ஷில்லிங். அதில் வீட்டாரே எடுத்த படங்களில்தான் பாட்டி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்பார், தாத்தா கால்சட்டையைச் சுருட்டியிருப்பார். எனக்கு அந்தப் படங்கள்தான் உசத்தி. உங்கள் அட்டையில் அந்த வேலையைச் சிறுவன் ஒருவனே பார்த்துவிட்டான்.

சிறுவனிடம் வாளி இருந்தால் அதில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பின்பக்க ஓரத்தில் போட்டோக்காரர் முத்திரையும் இருக்கலாம். அப்புறம், தயவுசெய்து லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள்.