‘பேகன்’ என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொண்டால்

கேள்வி: இலண்டனில் பணிபுரியும் என் மகனுடைய அலுவலகத் தோழர் ஒருவர், தம் மதம் ‘பேகன்’ என்கிறாராம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன மதத்தைப் புத்தகத்தில் படித்துவிட்டுப் பின்பற்றுவது வேடம் ஆகாதா? இது சாத்தான் வழிபாடு என்கிறார் எங்கள் தெருவில் ஒருவர். இல்லை, அவர்களும் ஒருவகையில் இந்துக்களே என்கிறார் இன்னொருவர். எது சரி?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் தெருவில் இருவர் சொன்னதும் சரியில்லை, ‘வேடம்’ என்று நீங்கள் சொன்னதும் சரியில்லை.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். இலத்தீனில் ‘பாகானுஸ்’ என்றால் நாட்டுப்புறத்தான் என்று பொருள். உரோமப் பேரரசில் கிறிஸ்தவம் ஓங்கிய நான்காம் நூற்றாண்டில், பழைய தெய்வங்களை விடாமல் வழிபட்டவர்களைச் சுட்டும் இழிசொல்லாக அது மாறியது. அன்று யாரும் தம்மைத் தாமே அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. இந்தச் சொல்லின் தமிழ் வடிவம் நமக்கும் அறிமுகமானதுதான். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, 1713இல் அங்கே அச்சிட்டு வெளியிட்ட சிறு நூலின் பெயர் ‘அக்கியானம்’, அதாவது அஞ்ஞானம். அந்தச் சொல்லின் கணக்கில் ஐயனாரையும் மாரியம்மனையும் வணங்கிய நம் முன்னோர் அனைவரும் அக்கியானிகளே. அந்தப் பெயரைச் சுமந்தவர்களின் வழிவந்த நாம், அதே பெயரைச் சுமக்கும் இன்னொருவரைப் பற்றித் தெருமுனையில் தீர்ப்புச் சொல்வதற்கு முன், அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும்.

இன்று அப்பெயரைத் தாமாக விரும்பி ஏற்றவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் மதம் பேகன் என்று எழுதியவர்கள் 2011இல் ஏறத்தாழ 57,000 பேர். 2021இல் ஏறத்தாழ 74,000 பேர். பேகன் நெறிகளில் ஒன்றான ‘விக்கா’ என்று தனியாக எழுதியவர்கள் சுமார் 13,000 பேர். இவர்கள் அனைவருக்கும் பொதுவான வேதநூல் இல்லை, தலைமைக் குரு இல்லை, இதை நம்பினால்தான் உள்ளே வரலாம் என்ற விசுவாசப் பிரமாணமும் இல்லை. விக்கா நெறியினர், பழங்காலக் கெல்டிய மக்களின் பூசாரிகளுடைய பெயரைத் தாங்கிய துரூயிதுகள், வட ஐரோப்பாவின் பழைய தெய்வங்களான ஓடினையும் தோரையும் போற்றும் ஆசாத்ரூ நெறியினர், பால்டிக் நாடுகளின் பழைய தெய்வங்களை வணங்குவோர் எனப் பலரும் ஒரே பெயரின் கீழ் வருகிறார்கள். ஒரே குழுவுக்குள்ளேயே, தெய்வங்கள் உண்மையான ஆளுமைகள் என்பவரும், இயற்கை ஆற்றல்களுக்கு மனிதர் தந்த முகங்கள் என்பவரும் அருகருகே அமர்ந்து ஒரே சடங்கைச் செய்வார்கள். இயற்கையைப் புனிதமாகக் காண்பதும், பருவங்களின் திருப்பங்களை விழாவாகக் கொண்டாடுவதுமே அவர்களைப் பெரும்பாலும் இணைக்கின்றன.

சாத்தானைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாத்தான் கிறிஸ்தவ இறையியலுக்குள் வாழும் ஓர் உருவம். அந்த இறையியலையே ஏற்காதவர்களின் நெறியில் அவனுக்கு இடமில்லை. விக்கா நெறியினர் பெண் தெய்வத்தோடு சேர்த்து வணங்கும் கொம்புடைய ஆண் தெய்வத்தைக் கண்டவர்கள், தமக்குத் தெரிந்த கொம்புடைய உருவம் சாத்தான் ஒன்றே என்பதால் அப்படிச் சொல்லிவிட்டார்கள்.

இனி உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். விக்காவை உலகறியச் செய்த ஜெரால்டு கார்ட்னர், 1900இல் இளைஞராக இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பின்னர் மலாயாவில் இரப்பர் தோட்டங்களிலும் அரசுப் பணியிலும் இருந்து, ஓய்வுபெற்று 1936இல் இங்கிலாந்து திரும்பினார். சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, கிறிஸ்தவத்துக்கு முந்தைய சமயம் ஒன்று மறைவாக உயிர்தப்பி வந்ததாகவும், தாம் அதில் தீட்சை பெற்றதாகவும் 1954இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அறுபடாத அந்தத் தொடர்ச்சிக்குச் சான்றில்லை என்பதை, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஹட்டன் உள்ளிட்ட வரலாற்றாசிரியர்கள் தெளிவாக நிறுவிவிட்டார்கள். ஆண்டுக்கு எட்டு விழாக்கள் என்ற அமைப்புகூட இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உருவானதுதான். இங்கிலாந்தின் பழம் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சைத் துரூயிதுகள் கட்டினார்கள் என்ற பேச்சும் அவ்வாறே: அந்தப் பெருங்கற்கள் நடப்பட்டது கி.மு. 2500 வாக்கில், துரூயிதுகளைப் பற்றி விரிவாக எழுதிய ஜூலியஸ் சீசரின் காலமோ கி.மு. முதல் நூற்றாண்டு. இவற்றையெல்லாம் மறைக்கக் கூடாது. பழமை பற்றிப் பொய்யான உரிமை கோருபவரை, அவர் எந்த மதத்தவராயினும், சான்று எங்கே என்று கேட்க வேண்டும். ஆனால் படித்த பேகன்களில் பலர் இந்த ஆய்வு முடிவுகளை ஏற்றுக்கொண்டு, ‘ஆம், எங்கள் நெறி புதியது’ என்று சொல்லியபடியே தொடர்ந்து வழிபடுகிறார்கள். புதியது என்று தெரிந்தே, ஊரறிய ஒப்புக்கொண்டே ஒருவர் செய்யும் வழிபாட்டை வேடம் என்று எப்படிச் சொல்வது?

ஐஸ்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 1000 வாக்கில், நாட்டின் பொதுப் பேரவையான ஆல்திங்கில் மதச் சண்டை மூளும் நிலை வந்தபோது, முடிவெடுக்கும் பொறுப்பு தோர்கெய்ர் என்ற சட்டமுதல்வரிடம் விடப்பட்டது. அவர் பழைய தெய்வங்களை வணங்கியவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்துச் சிந்தித்துவிட்டு எழுந்து, எல்லோரும் கிறிஸ்தவராக வேண்டும், வீட்டுக்குள் மறைவாகப் பலியிடுவோர் இட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தாராம். அந்தச் சலுகையும் விரைவில் பறிபோனது. ஆனால் பாடல்கள் போகவில்லை. ஓடின், தோர் கதைகளை ஸ்னோரி ஸ்டர்லூசன் போன்ற கிறிஸ்தவர்களே பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதிவைத்தார்கள். அந்த மொழியையும் யாப்பையும் பண்ணை வீடுகள் விடாமல் காத்தன. ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் என்பவர் ஆடு வளர்த்த விவசாயி, மரபுக்கவிஞர், பழைய கதைப்பாட்டுகளை இசையோடு ஓதுவதில் தேர்ந்தவர். அவரும் நண்பர்களும் 1972இல் ஆசாத்ரூ சங்கத்தைத் தொடங்கினார்கள். நாட்டின் லூத்தரன் பேராயர் எதிர்த்தும், 1973இல் அரசு அதை மதமாகப் பதிவுசெய்தது. திருமணம் நடத்தும் சட்ட உரிமையும் அதனுடன் வந்தது. நான்கு இலட்சத்துக்கும் குறைந்த மக்கள் வாழும் அந்நாட்டில் இன்று அதன் உறுப்பினர் எண்ணிக்கை 5,000ஐத் தாண்டிவிட்டது. எட்டுக் கால் குதிரையில் ஒற்றைக் கண்ணரான ஓடின் சவாரி செய்வதாக நம்புகிறீர்களா என்று கேட்டால், அக்கதைகளை வாழ்வையும் இயற்கையையும் பேசும் கவிதையாகக் காண்கிறோம் என்பதுதான் சங்கத்தின் தலைவரும் இசையமைப்பாளருமான ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சனின் நிலை. நீங்கள் குறையாகச் சொன்ன ‘புத்தகத்தில் படித்தது’, அங்கே எண்ணூறு ஆண்டுகளாக ஒரு மக்கள் தம் தாய்மொழியில் பாடி வந்த இலக்கியம்.

நான் உண்மையிலேயே கவலைப்படும் இடம் வேறு. வட ஐரோப்பாவின் பழைய எழுத்துகளான ரூன்களை நாஜிகள் சின்னமாக்கியதிலிருந்து, வெள்ளை இனவெறியர் சிலர் இந்தத் தெய்வங்களைத் தம் இரத்தத்துக்குச் சொந்தமானவை என்று உரிமை கொண்டாடி வருகிறார்கள். அமெரிக்காவில் அத்தகைய அமைப்பு ஒன்றோடு உறவில்லை என்று, அந்நெறியினரின் பல குழுக்கள் 2016இல் ‘127ஆம் பிரகடனம்’ என்ற அறிக்கையில் கையெழுத்திட்டன. தீமையைக் கண்டால் தீமை என்று சொல், பகைவனுக்கு அமைதி தராதே என்று கூறும் பழம்பாடலின் 127ஆம் செய்யுளே அந்தப் பெயருக்குக் காரணம். ஒருபாலினத்தவரின் திருமணங்களை ஆதரித்ததற்காக, ஐஸ்லாந்துச் சங்கத்துக்கே வெளிநாட்டிலிருந்து வசைக் கடிதங்கள் வந்தன. ஆகவே ஒருவர் பேகன் என்றதும் அவரை இனவெறியர் என்று எண்ணுவது அநியாயம். அப்படிப்பட்டவர்களே அங்கு இல்லை என்பதும் அறியாமை.

அவர்களும் இந்துக்களே என்ற உங்கள் அண்டைவீட்டாரின் கூற்றில் அன்பு இருக்கலாம், ஆனால் அது அவர்களின் பெயரைப் பறிக்கிறது. லித்துவேனியாவின் ரோமுவா நெறியினர், நெருப்பு வளர்த்து, நாட்டுப்புறப் பாடல்களைப் பாடி வழிபடுவதைப் பார்த்தால் நமக்கு நெருக்கமாகத் தோன்றுவது இயல்புதான். ஆனால் 1967இல் கெர்னவே என்ற ஊரில் கோடைத் திருப்பநாள் விழாவைச் சோவியத் கெடுபிடிக்கு நடுவே அவர்கள் கொண்டாடியதும், அதை முன்னின்று நடத்திய யோனாஸ் டிரின்கூனாஸ் பின்னர்ப் பல்கலைக்கழக வேலையை இழந்ததும் தம் சொந்தத் தெய்வங்களுக்காக, தம் சொந்தப் பாடல்களுக்காக. விடுதலைக்குப் பிறகும் நாடாளுமன்றம் 2019இல் அரசு அங்கீகாரம் தர மறுத்தது. அது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அங்கீகாரம் 2024 டிசம்பரில்தான் கிடைத்தது. இத்தனை காலம் போராடிப் பெற்ற பெயரை, அது வேறு ஏதோ ஒன்றின் கிளை என்று கும்பகோணத்திலிருந்து நாம் எப்படி மாற்றி எழுதுவது?

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். ‘பேகன்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த நெறி, எந்தத் தெய்வம், எந்த நாளில் என்ன விழா என்று அந்தத் தோழரிடம் கேட்கட்டும். டிசம்பர் 21ஐ ஒட்டிக் குளிர்காலத் திருப்பநாள் வரும். அன்று அவர் விளக்கேற்றுபவராக இருந்தால், எதற்காக என்பதையும் அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.