இரண்டு திரையிலும் சேர்த்து ஒரே கோட்டை அகழி

ராணிப்பேட்டையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் ஒருவர் கேட்கிறார்: உபுண்டு போட்ட 15.6 இன்ச் லேப்டாப்புக்கு இடப்பக்கம் இல்லாமல் வலப்பக்கமாக ஒரு 21.5 இன்ச் மானிட்டர் மாட்டியிருக்கிறேன், வேலூர் கோட்டை அகழியை நீளவாக்கில் எடுத்த போட்டோவை வால்பேப்பராக வைத்தால் ஒவ்வொரு திரையிலும் முழுப் படமும் தனித்தனியாக வருகிறது, இரண்டிலும் சேர்ந்து ஒன்றாக விரிய என்ன வழி?

வழி இருக்கிறது, ஆனால் அது வால்பேப்பர் பக்கத்தில் இல்லை. உபுண்டுவின் திரை முகப்பான க்னோமின் செட்டிங்ஸில் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். எப்படி விரிய வேண்டும் என்று அங்கே கேட்கவே மாட்டார்கள். சாஃப்ட்வேர் கடையிலிருந்து க்னோம் ட்வீக்ஸ் என்ற செயலியை நிறுவி, அப்பியரன்ஸில் அட்ஜஸ்ட்மென்ட் என்பதை ஸ்பேண்ட் (Spanned, எல்லாத் திரையிலும் சேர்த்து விரிவது) என்று மாற்றுங்கள். முதலில் படம், அப்புறம் ஸ்பேண்ட். வரிசையை மாற்றிச் செய்தால், செட்டிங்ஸில் புதுப் படம் வைத்ததும் பழையபடி, திரைக்குத் திரை முழுப் படம் காட்டும் ஜூமுக்குப் போய்விடும். டார்க் மோட் வைத்திருந்தால் அதற்கான படம் தனி, ட்வீக்ஸிலேயே அதையும் மாற்றிவிடுங்கள்.

இனிமேல்தான் வேலையே. ஸ்பேண்ட் போட்டதும் கணினி இரண்டு திரையையும் ஒரே பலகையாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் லேப்டாப் 1366க்கு 768, மானிட்டர் 1920க்கு 1080 என்றால் (இரண்டிலும் ஸ்கேல் 100 சதவீதம் இருக்க வேண்டும்) பலகையின் அகலம் 3286, உயரம் 1080 பிக்சல். ஜிம்ப் என்ற பட எடிட்டரில் படத்தைச் சரியாக இந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

லேப்டாப் உயரத்தில் 312 பிக்சல் குறைவு, அது எங்கே போகிறது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் திரைகளைக் குறிக்கும் இரண்டு கட்டமும் மேல்விளிம்பு சமமாக நின்றால், லேப்டாப் பக்கம் படத்தின் அடிப்பகுதி, அதாவது அகழித் தண்ணீர், எந்தத் திரையிலும் வராது. லேப்டாப் கட்டத்தை இழுத்து அடிவிளிம்பு சமமாக வைத்து அப்ளை கொடுங்கள். வானம் கொஞ்சம் போகும், போகட்டும். மேசையிலும் இரண்டு திரையின் அடியும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் மதில் கோடு உடையாமல் ஓடும். நல்லவேளையாக உங்கள் இரண்டு திரையிலும் இன்ச்சுக்குச் சுமார் 100 பிக்சல்தான், அதனால் கருங்கல் ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சிறிசு என்று தெரியாது.

ஜலகண்டேஸ்வரர் கோபுரமும் படத்தில் இருந்தால் அது இடமிருந்து 1366வது பிக்சல் பக்கம் வராமல் பார்த்து வெட்டுங்கள். அங்கேதான் இரண்டு திரையின் விளிம்புச் சட்டமும் சேர்கின்றன, கோபுரம் பிளந்து நிற்பதைத் தினமும் பார்க்க முடியாது.

உபுண்டுவுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டு, சின்னமன் என்ற முகப்பு வைத்திருந்தால் ட்வீக்ஸ் தேவையில்லை, பேக்ரவுண்ட்ஸ் செட்டிங்ஸிலேயே ஸ்பேண்ட் இருக்கிறது. திரைக்கு ஒரு படம் போதும் என்றால் கேடிஇ என்ற இன்னொரு முகப்பில் அந்தந்தத் திரையில் ரைட் கிளிக் செய்து வைத்துவிடலாம். க்னோமில் அதற்கு ஹைட்ராபேப்பர் என்ற செயலி உண்டு, அதுவும் உள்ளுக்குள் இரண்டு படத்தையும் ஒட்டி ஸ்பேண்ட்தான் போடுகிறது.